மஸ்கட் சுல்தானும் கராம்பும்

எங்கட ஆக்களுக்கு மஸ்கட் என்றால் வேலைக்குப் போற இடம். 19ஆம் நூற்றாண்டில் அது கிழக்கு ஆபிரிக்கா வரை நீண்ட ஒரு கடல் ராச்சியத்தின் தலைநகரம். அதை ஆண்ட செய்யித் சயீத் பின் சுல்தானைப் பற்றித்தான் இம்முறை மலருக்கு எழுதுகிறேன்.

1791இல் ஓமானில் பிறந்தவர். தகப்பன் 1804இல் கடலிலே கொல்லப்பட்டார். அதிகாரத்தை வைத்திருந்த ஒன்றுவிட்ட தமையன் பதரை 1806இல் கொன்றுவிட்டு ஆட்சிக்கு வந்தார். அப்போது வயது 15! 1819இல், இன்று ஐக்கிய அரபு எமிரேட்சில் இருக்கிற ராஸ் அல் கைமாவை ஆங்கிலேயர் தாக்கியபோது அவர்களோடு சேர்ந்து நின்றார்.

ஆனால் அவருடைய கண் ஆபிரிக்காவில்தான். 1837இல் மொம்பாசாவைப் பிடித்தார். 1840 அளவில் அரண்மனையையே சன்சிபார் தீவுக்கு மாற்றினார். அங்கே கராம்பு நடச் சொல்லித் தோட்டக்காரருக்குக் கட்டளை போட்டார். கொஞ்சக் காலத்தில் உலகத்துக்கே கராம்பு அனுப்பும் இடமாகியது சன்சிபார். சுங்க வரி சேர்க்கும் குத்தகை கச்சு தேசத்து ஜெய்ராம் சிவ்ஜியின் கையில். உள்நாட்டுக்குப் போன வியாபாரக் கூட்டங்களுக்கு இந்திய வியாபாரிகள் கடன் கொடுத்தார்கள். ஆகவே இதை அரபுக்காரரின் பாவம் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கூட்டங்கள் தபோரா, தங்கனிக்கா ஏரிக்கரை உஜிஜி என்று உள்ளே உள்ளே போயின. திரும்பி வந்தது யானைத் தந்தமும் மனிதரும். போன வழியெல்லாம் இஸ்லாமும் பரவியது. அதை வாளின் வேலை என்று சொல்ல ஏலாது. வழியிலே தங்கின வியாபாரிகளைப் பார்த்துத்தான் பலர் சேர்ந்தார்கள். சுதந்திரமாய்ப் பிறந்த முஸ்லிமை அடிமையாக்கக் கூடாது, அடிமையை விடுதலை செய்வது புண்ணியம் என்பது அந்த மார்க்கத்தின் சட்டம். ஆனால் பிடிபட்ட பிறகு மதம் மாறினவனுக்கு விடுதலை தானாகக் கிடைக்கவில்லை.

ஆங்கிலேயர் நெருக்க, 1822இல் கிறிஸ்தவ நாட்டவருக்கு அடிமை விற்பதில்லை என்று கையெழுத்து வைத்தார். 1845 ஒப்பந்தப்படி, 1847இலிருந்து ஆபிரிக்காவுக்கு வெளியே அடிமைகளை அனுப்பக் கூடாது. கரையோரத்துக்குள் கொண்டு போய் விற்கலாம். ஏன் இந்த ஓட்டை? கராம்புக்கு ஆள் வேண்டுமே! மொட்டு விரிய முதல் கையாலே ஆய வேண்டும், ஆய்ந்தது அடிமைகள். தடைக்குப் பிறகும் களவாக வள்ளங்கள் ஓமானின் சூர் துறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. வளைகுடாவில் முத்துக் குளிக்கவும் பேரீச்சந் தோட்டங்களுக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள்.

1856 ஒக்டோபரில், மஸ்கட்டிலிருந்து சன்சிபாருக்குத் திரும்பும் வழியில், கப்பலிலேயே சயீத் இறந்தார். பிள்ளைகள் அடிபட்டார்கள். 1861இல் ஆங்கிலேயர் ராச்சியத்தை இரண்டாகப் பிரித்து, சன்சிபார் வருடம் 40,000 வெள்ளி மஸ்கட்டுக்குக் கட்ட வேண்டும் என்று தீர்த்தார்கள்.

சன்சிபாரின் அடிமைச் சந்தை 1873இல், மகன் பர்காஷின் காலத்தில்தான் மூடப்பட்டது. வளைகுடாவில் இன்னும் பிந்தியது: கட்டாரில் 1952, இன்றைய எமிரேட்ஸ் பகுதியில் 1963, சயீத்தின் சொந்த ஓமானில் 1970. அதற்குப் பிறகு கொஞ்ச வருடத்திலேயே எங்கட ஊர்ப் பெடியள் அங்கே உழைக்கப் போகத் தொடங்கிவிட்டார்கள்.