றீத் பிரபுவும் வர்த்தகத் தொலைக்காட்சியும்

பிரித்தானிய ஒலிபரப்பின் தந்தையெனப் போற்றப்படும் யோன் றீத், 1889ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் ஸ்ரோன்ஹேவன் என்னும் ஊரிலே, ஒரு கிறித்தவ குருவின் கடைசி மகனாகப் பிறந்தார். கற்றது பொறியியல். முதலாம் உலகப் போரிலே கன்னத்திற் குண்டு பாய்ந்த வடு அவர் முகத்தில் இறுதிவரை இருந்தது. 1922இல், ஒலிபரப்பென்பது யாதென அறியாமலே, அன்று கம்பனியாயிருந்த பி.பி.சி.யின் முகாமையாளர் பதவிக்கு விண்ணப்பித்து, அதனைப் பெற்றும் விட்டார்! 1927இல் அது கூட்டுத்தாபனமானபோது அதன் முதற் பணிப்பாளர் நாயகமும் அவரே.

செய்தி, கல்வி, களிப்பு என்னும் மூன்றையும் ஒலிபரப்பு வழங்க வேண்டும். மக்கள் கேட்பதையே கொடுத்துக்கொண்டிருப்பின் அவர்தம் சுவை உயராது என்பது அவர் கொள்கை. ஆதலின் விளம்பரப் பணத்தை நாடாது, கேட்போர் செலுத்திய அனுமதிக் கட்டணத்தைக்கொண்டே நிலையத்தை நடத்தினார். பாடசாலை ஒலிபரப்பு 1924இலேயே தொடங்கிற்று. ஆயினும் அவர் பிடிவாதம் குறையற்றதன்று. ஞாயிற்றுக்கிழமைகளிலே வழிபாடும் கனத்த நிகழ்ச்சிகளுமே இடம்பெற்றமையால், 1930களில் நேயர் பலர் விளம்பர இசை தந்த லக்சம்பேர்க் வானொலியை நாடினர். அவ்வெச்சரிக்கையை அவர் செவிமடுத்தாரல்லர். 1938இற் பதவி நீங்கினார்.

வர்த்தகத் தொலைக்காட்சிக்கு அரசாங்கம் வழிவகுத்தபோது, 1952இல் பிரபுக்கள் சபையிலெழுந்து, அதனை நாட்டினுட் புகுத்தப்பட்ட கொள்ளைநோய்களுக்கு ஒப்பிட்டார். பயனில்லை. 1954இற் சட்டம் நிறைவேறியது. 1955 செப்ரெம்பர் 22ஆம் நாள் இலண்டனில் ஐ.ரி.வி. தொடங்கிற்று. முதல் விளம்பரம் ஒரு பற்பசைக்கு. ஈராண்டினுள், இரு சேவையும் எட்டிய வீடுகளிலே பத்தில் ஏழு பங்கு நேயரை அது கவர்ந்துகொண்டது.

ஆசிரியத் தொழிலிலுள்ளோர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பிரித்தானியப் பாடசாலைகளுக்கு ஒழுங்காகத் தொலைக்காட்சிப் பாடம் நடத்த முந்திக்கொண்டது பி.பி.சி. அன்று, அசோசியேற்றட் றெடிபியூசன் என்னும் வர்த்தக நிறுவனம். அது 1957 மேயில் ஆரம்பித்தது, பி.பி.சி. செப்ரெம்பரிலேதான் தொடர்ந்தது. நற்பெயர் தேடும் நோக்கமும் அதில் இருந்திருக்கலாம். எனினும் பாடம் பாடமே. றீத் எதிர்பாராத விளைவு இது.

அவர் அஞ்சியதும் முற்றும் பொய்க்கவில்லை. 1962இல் பில்கிங்ரன் குழு, வர்த்தகத் தொலைக்காட்சியின் அற்பத்தன்மையைக் கடிந்து, அடுத்த அலைவரிசையைப் பி.பி.சி.க்கே வழங்குமாறு பரிந்துரைத்தது. 1964இல் அவ்வாறு பிறந்த பி.பி.சி. இரண்டிலே, 1971 சனவரியில், வீட்டிலிருந்து கற்போருக்கான திறந்த பல்கலைக்கழகத்தின் பாடங்கள் விளம்பரமின்றி ஒளிபரப்பாகத் தொடங்கின. அவ்வாண்டு யூன் 16ஆம் நாள் றீத் எடின்பரோவிற் காலமானார்.