துளியின் மகுடம் கண்ட வொர்திங்டன்

தட்டில் ஊற்றிய பாலின்மீது ஒரு துளி பால் விழுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது சிறு தெறிப்பு மட்டுமே. அந்தக் கணத்திற்குள் நிகழ்வதைக் காண்பதற்காகவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர், ஆங்கில நாட்டு இயற்பியல் பேராசிரியர் ஆர்தர் மேசன் வொர்திங்டன்.

1852இல் மான்செஸ்டரில் பிறந்த அவர் ரக்பி பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றார். பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பின்னர் டெவன்போர்ட்டில் கடற்படைப் பொறியாளர்களைப் பயிற்றுவித்த கல்லூரியில் பேராசிரியரானார். புகைக்கரி படிந்த கண்ணாடியில் தற்செயலாகத் தெறித்த மைத்துளிகளின் தடங்களை ரக்பி பள்ளி மாணவர் ஒருவர் கவனித்ததே இவ்வாராய்ச்சிக்கு வித்தாயிற்று. மாணவர் கண்ணில் பட்டதை ஆசிரியர் அலட்சியம் செய்யவில்லை!

அவர் கையாண்ட முறை எளியது. ஆனால் பொறுமையைச் சோதிப்பது. இருட்டறையில் துளி விழும். குறித்த கணத்தில் ஒரு மின்பொறி வெட்டும். கண்ணில் எஞ்சிய உருவத்தை உடனே பென்சிலால் வரைவார். அடுத்த துளிக்குப் பொறி சற்றே தாமதமாக வெட்டும். ஆகவே அவருடைய வரிசைப் படங்கள் ஒரே துளியின் கதையல்ல. பல துளிகள் சேர்ந்து சொன்ன கதை. துளி விழுந்த இடத்தில் குழி விழுகிறது. சுற்றிலும் மெல்லிய சுவர் எழுகிறது. அதன் விளிம்பு மணிமணியாகப் பிரிந்து மகுடமாகிறது. மகுடம் சரிந்தபின் நடுவில் ஒரு தூண் மேலெழும்புகிறது. அத்தூணுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

1876 முதல் வெளிவந்த அவருடைய ஓவியங்களில் தெறிப்புகள் பெரும்பாலும் அளந்து வைத்தாற்போல் சமச்சீராக இருந்தன. 1894ஆம் ஆண்டளவில் புகைப்படம் எடுப்பது கைகூடியது. பொறியின் ஒளி நீடித்தது, ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 3 பங்கிற்கும் குறைவான நேரமே. படங்களைப் பார்த்தவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. ஓவியத்தில் இருந்த ஒழுங்கு படத்தில் இல்லை. ஒருபுறம் கதிர் நீண்டும், மறுபுறம் குறுகியும், சில உடைந்தும் கிடந்தன. பழைய குறிப்பேடுகளைப் புரட்டினார். கோணலான தெறிப்புகளை அவரே அன்று வரைந்திருந்தார். ஆனால் அவை தற்செயலான பிழைகள் என்று ஒதுக்கிவிட்டு, சீரானவற்றையே வெளியிட்டிருந்தார்! செய்முறை வகுப்பில், வரைகோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளியை நாம் என்ன செய்கிறோம் என்பதை இங்கு விளக்க வேண்டியதில்லை.

தம் இருபதாண்டு உழைப்பின்மீது விழுந்த அந்தக் கறையை அவர் மறைக்கவில்லை. மனம் தானே ஓர் ஒழுங்கைக் கற்பித்துக்கொண்டது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உதவியாளர் கோல் என்பவருடன் சேர்ந்து மேலும் பல படங்கள் எடுத்து, 1908இல் தெறிப்புகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். வழவழப்பான உருண்டை சத்தமின்றி நீரில் மூழ்க, சொரசொரப்பானது பெருந்தெறிப்பை எழுப்புவதையும் அவர்கள் படம்பிடித்தனர். 1916இல் வொர்திங்டன் மறைந்தார்.

இன்று இதை வீட்டுச் சமையலறையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தட்டுப் பால், சொட்டுக்குழாய், அருகிலுள்ளதைப் பெரிதாக்கும் லென்ஸ், குறைந்த திறனில் வைத்த பிளாஷ் விளக்கு ஆகியவை போதும். முதல் நாளில் பெரும்பாலும் வெறும் பால்தட்டுதான் படத்தில் விழும். பிறகு மகுடங்கள் கிடைக்கும். அவற்றில் பலவும் கோணலாகவே இருக்கும்.