சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்டு 17, 1909 - சூன் 11, 1963) இந்தியக் கால்பந்துப் பயிற்சியாளர் ஆவார். ஐதராபாத்தைச் சேர்ந்த இவர் பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கி, 1951 முதல் 1962 வரை நடைபெற்ற முக்கியப் பன்னாட்டுப் போட்டிகள் பலவற்றில் இந்திய அணியை வழிநடத்தினார். இவரது பொறுப்பில் இந்தியா 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. ரகீம் சாகிப் என்று வீரர்களால் அழைக்கப்பட்டார். எத்துணைப் புகழ் பெற்ற வீரராயினும் அணிக்காக ஓட வேண்டும் என்பதும், பந்து தன் காலில் இல்லாத வேளையில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதே ஆட்டத்தின் பெரும்பகுதி என்பதும் இவரது பயிற்சிமுறையின் அடிப்படைகளாக இருந்தன.

இளமையும் ஆசிரியப் பணியும்

ரகீம் ஐதராபாத்தில் பிறந்தார். உசுமானியா பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் பல்கலைக்கழக அணிக்காகவும் பின்னர் உள்ளூர்க் கழகங்களுக்காகவும் கால்பந்து ஆடினார். படிப்பை முடித்தபின் ஐதராபாத்தின் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் உடற்கல்வியிலும் பட்டயம் பெற்று, பள்ளி விளையாட்டுகளின் பொறுப்பை ஏற்றார்.

1943ஆம் ஆண்டில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். நகரின் சிறுவர்களைச் சிறு வயதிலேயே கண்டறிந்து பழக்கும் வழக்கத்தை இக்காலத்தில் ஏற்படுத்தினார். இவரது பிற்கால வெற்றிகளுக்கு இந்த அடித்தளமே காரணமாயிற்று.

ஐதராபாத் நகரக் காவல்துறை அணி

இந்தியக் கால்பந்தின் தலைநகரமாக அன்று கல்கத்தா விளங்கியது. மோகன் பகான், கிழக்கு வங்காளம், முகமதியன் ஆகிய கழகங்களே பெரும் புகழும் பெரும் வீரர்களும் கொண்டிருந்தன. ரகீமின் பயிற்சியில் ஐதராபாத் நகரக் காவல்துறை அணி இக்கழகங்களுக்கு நேர்ப்போட்டியாக எழுந்தது. பம்பாயில் நடைபெற்ற ரோவர்சு கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை அவ்வணி வென்றது. தில்லியின் துராந்து கோப்பையையும் வென்றது. ஆந்திரப் பிரதேச மாநிலம் உருவானபின் ஆந்திரக் காவல்துறை என்னும் பெயரில் ஆடிய இதே அணி, 1961இல் மீண்டும் துராந்து கோப்பையைக் கைப்பற்றியது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோசு கோப்பையையும் ஐதராபாத் இவரது காலத்தில் வென்றது.

பயிற்சி முறை

அக்கால இந்திய வீரர்களிடம் தனித்திறமைக்குக் குறைவில்லை. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிரணியினர் இருவர் மூவரை ஏய்த்துச் செல்லும் வீரருக்கே கூட்டத்தின் கைதட்டல் கிடைத்தது. அவ்வாறு செல்பவர் பந்தை இழந்தபின் நின்றுவிடுவதும், தற்காப்புக்குத் திரும்பி ஓடாமலிருப்பதும் பெருங்குறையாகக் கருதப்படவில்லை. உள்நாட்டுப் போட்டிகள் பல 90 நிமிடங்களுக்குக் குறைவாகவே நடத்தப்பட்டதால் முழு ஆட்டத்துக்கும் தாங்கும் உடல்வலுவும் வீரர்களிடம் வளரவில்லை.

இக்குறைகளைக் களைய ரகீம் சில புதிய முறைகளைக் கையாண்டார்.

பந்தை ஏய்த்துக் கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்ட போட்டிகளை இளம் வீரர்களுக்கு நடத்தினார். இப்போட்டிகளில் பந்தைப் பெற்றவர் உடனே மற்றொருவருக்கு அனுப்பியாக வேண்டும். பந்தைப் பெறுவதற்காக மற்றவர்களும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் நின்றாலும் ஆட்டம் தடைப்படும்.

வழக்கமாகப் பயன்படுத்தாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியுடன் வேறு போட்டிகளை நடத்தினார். இதனால் வலக்கால் ஆட்டக்காரர் இடக்காலையும், இடக்கால் ஆட்டக்காரர் வலக்காலையும் பழக்க நேர்ந்தது.

இம்முறைகள் எளியவையாகத் தோன்றினாலும் நட்சத்திர வீரருக்கும் மற்றவருக்கும் இருந்த இடைவெளியைக் குறைத்தன. ஏய்ப்பதில் வல்லவரான வீரர் தம் வல்லமையைக் காட்ட வழியின்றி, மற்ற பத்துப் பேரைப் போலவே ஓடிக் கற்க வேண்டியிருந்தது. அதேவேளையில் ரகீம் தனித்திறமைக்கு எதிரானவர் அல்லர். சுனி கோசுவாமி, பி. கே. பானர்ஜி, துளசிதாசு பலராம் ஆகிய மூன்று பெரும் தாக்குதல் வீரர்களை ஒரே அணியில் இணைத்து ஆடவைத்தவர் இவரே.

ஐரோப்பிய அணிகள், குறிப்பாக அங்கேரி, ஆடிய முறையை இவர் கூர்ந்து கவனித்தார். நான்கு தற்காப்பு வீரர், இரண்டு நடுக்கள வீரர், நான்கு தாக்குதல் வீரர் கொண்ட 4-2-4 அமைப்பை இந்திய அணியில் புகுத்தினார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் இவ்வமைப்பால் புகழ்பெறுவதற்கு முன்பே ரகீம் அதனைக் கையாண்டார் என்பது இந்தியக் கால்பந்து வரலாற்றை எழுதியோர் சிலரின் கருத்தாகும். நடுக்களத்தில் இருவர் மட்டுமே இருப்பதால், தாக்குதல் வீரர்கள் பின்வந்து உதவாவிடில் இவ்வமைப்பு நிலைகுலைந்துவிடும் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

1951 முதல் 1952 வரை

1951ஆம் ஆண்டு புது தில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. சைலன் மன்னா தலைமையிலான இந்திய அணி இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. வெற்றிக் கோலைச் சாகு மேவாலால் அடித்தார்.

அடுத்த ஆண்டே பெருந்தோல்வி ஒன்று நேர்ந்தது. 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் இந்தியா 1-10 என்ற கணக்கில் தோற்றது. இந்தியாவின் ஒரே கோலை அகமது கான் அடித்தார். 1948 இலண்டன் ஒலிம்பிக்கைப் போலவே இம்முறையும் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். குளிரிலும் ஈரத் தரையிலும் அவர்களால் நிலைத்து ஆட இயலவில்லை.

வெறுங்காலுடன் ஆடியதற்கு வறுமை மட்டுமே காரணமன்று. வறண்ட மண்ணில் பழகியவர்களுக்குப் பந்தின் போக்கு வெறுங்காலில்தான் நன்கு பிடிபட்டது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துத் தொழிற்கூடங்கள் பதனிட்ட தோலை அந்நாளிலேயே பெருமளவில் வெளிநாடுகளுக்கு அனுப்பிவந்தன. எனினும் நாட்டின் முதன்மையான கால்பந்து வீரர்களுக்குத் தோற்காலணி பழக்கத்தில் இல்லை. எல்சிங்கித் தோல்விக்குப் பின்னர் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு காலணி அணிவதைக் கட்டாயமாக்கியது. புகழ்பெற்ற வீரர்களும் தங்கள் ஆட்டத்தை முதலிலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மெல்பேர்ண் 1956

1956 ஒலிம்பிக்கில் முதற்சுற்று எதிரணியான அங்கேரி விலகியதால் இந்தியா நேரடியாகக் காலிறுதிக்குச் சென்றது. அங்கு ஆத்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்ற கணக்கில் வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய அணி என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது.

அரையிறுதியில் மீண்டும் யூகோசுலாவியா எதிர்ப்பட்டது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் டிசூசா அடித்த கோலால் இந்தியா முன்னிலை பெற்றது. ஆனால் அதன்பின் நான்கு கோல்களை வாங்கி 1-4 என்ற கணக்கில் தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 என்ற கணக்கில் தோற்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல்கள் அடித்த அதே நாட்டுக்கு எதிராக முதற்பாதி முழுவதும் கோல் வாங்காமல் நின்றது பெரும் முன்னேற்றமாகும். எனினும் ஆட்டத்தின் பிற்பகுதியில் தளர்ந்துவிடும் குறை முற்றிலும் நீங்கவில்லை என்பதையும் இவ்வாட்டம் காட்டியது.

உரோம் 1960

உரோம் ஒலிம்பிக்கில் இந்தியா கடினமான பிரிவில் இடம்பெற்றது. அங்கேரியிடம் 1-2 என்ற கணக்கில் தோற்று, பிரான்சுடன் 1-1 எனச் சமன்செய்து, பெருவிடம் 1-3 என்ற கணக்கில் தோற்றது. பி. கே. பானர்ஜி அணித்தலைவராக இருந்தார். ரகீமின் மகன் சையது சாகித் அக்கீம் இவ்வணியில் இடம்பெற்றிருந்தார். ஆயினும் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. இதற்குப் பின்னர் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை.

ஜகார்த்தா 1962

1962 ஆசியப் போட்டிகளின்போது ரகீம் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். அந்நிலையிலும் அணியுடன் ஜகார்த்தா சென்றார். அணித்தலைவராகச் சுனி கோசுவாமி இருந்தார்.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. பின்னர் தாய்லாந்தை 4-1 என்றும் சப்பானை 2-0 என்றும் வென்று அரையிறுதியை அடைந்தது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் தற்காப்பு வீரர் சர்னைல் சிங்கிற்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. முதன்மைக் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராசு உடல்நலமின்றி இருந்தார்.

காயத்துடன் தற்காப்பில் நின்றால் சர்னைல் மீண்டும் அடிபடக்கூடும் என்பதால், ரகீம் அவரை மைய முன்கள வீரராக ஆடவைத்தார். ஆசியாவின் சிறந்த தற்காப்பு வீரர்களுள் ஒருவரைப் பழக்கமில்லாத இடத்தில் நிறுத்திய இம்முடிவு துணிச்சலானது. சர்னைல் அதனைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். தென் வியட்நாமுடனான அரையிறுதியை இந்தியா 3-2 என்ற கணக்கில் வென்றது.

இதனிடையே களத்துக்கு வெளியே சூழ்நிலை கடுமையாகியிருந்தது. இசுரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பின் இந்தியப் பிரதிநிதி ஜி. டி. சோந்தி எதிர்த்தார். இதனால் ஜகார்த்தாவில் இந்தியாவுக்கு எதிரான ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. இறுதியாட்டத்துக்கு முந்தைய நாள் ரகீம் வீரர்களிடம், தமக்குத் தங்கப் பதக்கத்தைப் பரிசாகத் தருமாறு கேட்டுக்கொண்டார் என்று அவ்வணியினர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர்.

செப்டம்பர் 4, 1962 அன்று ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடிய அரங்கில் இறுதியாட்டம் நடைபெற்றது. இந்தியாவின் நாட்டுப்பண்ணின்போது கூட்டம் கூச்சலிட்டது. தங்கராசு உடல்நலம் தேறிக் கோல் காத்தார். 17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜியும் 20ஆம் நிமிடத்தில் சர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். ஆட்டத்தின் இறுதியில் தென் கொரியா ஒரு கோல் அடித்தபோதும், 2-1 என்ற கணக்கில் இந்தியா வென்றது. முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அணியையே இறுதியில் வென்று பெற்ற தங்கம் இதுவாகும்.

தமிழ் வீரர்கள்

ரகீமின் அணிகளில் தமிழ் வீரர்களுக்குச் சிறப்பான இடம் இருந்தது. துளசிதாசு பலராம் செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவரைக் கண்டறிந்து ஐதராபாத் அணிக்குக் கொண்டுவந்தவர் ரகீம் ஆவார். பயிற்சிக்கு வந்துசெல்லப் பணமில்லாத நிலையில் மிதிவண்டி வாடகைக்கும் அவர் உதவினார். பீட்டர் தங்கராசு ஐதராபாத்தில் பிறந்து, வெலிங்டனில் உள்ள மதராசுப் படைப்பிரிவு மைய அணிக்காக ஆடிப் புகழ்பெற்றவர். தமிழகத்தின் சைமன் சுந்தரராசு உரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார். பின்னர் பயிற்சியாளராகி 1973இல் கேரளத்துக்கு முதல் சந்தோசு கோப்பையைப் பெற்றுத் தந்தார். பெங்களூரைச் சேர்ந்த அருமைநாயகம் 1962 தங்க அணியில் இருந்தார்.

மறைவு

ஜகார்த்தா வெற்றிக்குப் பின் ரகீமின் உடல்நிலை மேலும் நலிவுற்றது. சில மாதங்கள் படுக்கையில் இருந்தபின் 1963 சூன் 11 அன்று தமது 53ஆம் வயதில் காலமானார்.

மதிப்பீடு

1961இல் அருச்சுனா விருது ஏற்படுத்தப்பட்டபின் முதல் ஏழு ஆண்டுகளில் கால்பந்துக்காக அதைப் பெற்றவர்கள் முறையே பி. கே. பானர்ஜி, பலராம், சுனி கோசுவாமி, சர்னைல் சிங், அருண் கோசு, யூசுப் கான், பீட்டர் தங்கராசு ஆவர். இவ்வெழுவரும் ரகீமின் 1962 அணியைச் சேர்ந்தவர்கள். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985இல்தான் தொடங்கப்பட்டது. எனவே வீரர்களுக்குக் கிடைத்த சிறப்பு அவர்களை உருவாக்கியவருக்கு அவரது வாழ்நாளில் கிடைக்கவில்லை.

ரகீமுக்குப் பின் இந்தியா 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடமும், 1970 ஆசியப் போட்டிகளில் வெண்கலமும் பெற்றது. இவற்றில் ஆடியவர்களுள் சிலர் அவரால் பழக்கப்பட்டவர்களே. அவர்கள் ஓய்வு பெற்றபின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்தில் இந்தியா பதக்கம் பெறவில்லை. சிறுவர்களுக்கான அவரது போட்டிமுறைகள் நாடு முழுவதும் பரப்பப்படாமல் ஒரு நகரத்தோடும் ஒரு மனிதரோடும் நின்றுவிட்டதே இச்சரிவின் காரணங்களுள் ஒன்றாகும். திறமை மிக்க வீரர்கள் பின்னரும் தோன்றினர். அவர்கள் அனைவரையும் ஒரே அளவுகோலால் அளந்து ஓடவைத்த ஆசிரியர் மட்டும் மீண்டும் கிடைக்கவில்லை.

இவரது வாழ்வை அடிப்படையாகக் கொண்டு அமித் சர்மா இயக்கத்தில் அசய் தேவ்கன் நடித்த மைதான் என்ற இந்தித் திரைப்படம் 2024ஆம் ஆண்டு வெளியானது. இதற்கு ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார்.