பழமையைப் படைத்தவர்

பெங்களூரில் வாழும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஜீவனஹள்ளியிலும் அல்சூரிலும் வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் ஆங்கிலமும் பேசி வளரும் நாம், முன்னோர் மொழியைக் காப்பவர்களாக மட்டுமே இருந்துவிடுவோமோ? காப்பது சிறிது, படைப்பது பெரிது என்பதுதானே உலகோர் எண்ணம்?

சீனப் பேரறிஞர் கன்பூசியஸ் (கி.மு. 551–479) அவ்வாறு கருதவில்லை. முன்னோர் தந்ததைப் பின்னோர்க்கு வழங்குபவராகவே அவர் தம்மை மதித்துக்கொண்டார். ஆயினும் அவர் கை பட்ட பழமை பழையபடியே இருக்கவில்லை. உயர்குடியில் பிறந்தவரைக் குறித்து வழங்கிய ஒரு பழஞ்சொல்லை, பண்பால் உயர்ந்தவரைக் குறிக்கும் சொல்லாக அவர் ஆக்கினார். பழையதில் ஆழ்ந்து புதியதைக் காண்பதே அவர் நெறியில் படைப்பு.

கன்பூசியஸைப் பின்பற்றி அன்று, தம் தமிழார்வம் ஒன்றினாலேயே இத்தகைய வாழ்வு வாழ்ந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் 1855 பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மகனின் மனமோ தமிழிலேயே தோய்ந்தது. வறுமையினூடே ஆசிரியர்களைத் தேடி ஊர் ஊராகச் சென்று பயின்றவர், 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரானார்.

பிள்ளையவர்கள் பாடல்களை மழையெனப் பொழிந்த பெரும்புலவர். தலபுராணங்களும் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் அவர் சொல்லச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். 1876-இல் ஆசிரியர் மறைந்தார். அவர் வழியிலேயே பாடல் இயற்றிப் புகழ் பெறுவது ஐயர்க்கு எளிதாக இருந்திருக்கும்.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற நூல்களை ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியார் அவற்றையெல்லாம் பொருட்படுத்தாமல், அவற்றினும் பழைய நூல்களைக் கற்றதுண்டா என வினவினார். 25 வயது நிரம்பிய பண்டிதர்க்கு அது பேரதிர்ச்சி. தாம் கடலென எண்ணியது கரையோரம் மட்டுமே என உணர்ந்தார். முதலியார் தந்த சீவக சிந்தாமணிப் பிரதியைப் பாடம் சொல்லத் தொடங்கினார். பல இடங்கள் விளங்கவே இல்லை.

அக்காலத்து ஏட்டுச் சுவடியின் இயல்பை நாம் அறிதல் வேண்டும். அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி இருக்கும். மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடரும். ஏட்டுக்கு ஏடு பாடம் மாறும். இவற்றுள் உண்மைப் பாடத்தைக் காண்பது வெறும் நகலெடுப்பு ஆகுமா? சிந்தாமணி சமணக் காப்பியம். சைவ மடத்துச் சூழலில் பயின்ற ஐயர், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று அவர்களிடம் மாணாக்கர்போல் கேட்டுத் தெளிந்தார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பெயர் சுட்டாது எடுத்தாண்ட அடிகள், திருவாவடுதுறை மடத்தில் கிடைத்த சங்கநூல் ஏடுகளில் இருக்கக் கண்டார். ஒரு நூலைத் தேடப் புகுந்தவர்க்கு ஓர் இலக்கிய உலகமே புலப்பட்டது.

ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் அவருக்கு முன்னரே இத்துறையில் உழைத்தவர்கள். ஐயர் அதனைத் தம் வாழ்நாட் பணியாகவே கொண்டார். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியன வந்தன. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய பின்னும் பணி ஓயவில்லை. குறுந்தொகைப் பதிப்பு 1937-இல் வெளிவந்தபோது அவர்க்கு வயது 82. 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். ஆனந்த விகடனில் எழுதிவந்த தன் வரலாறு முற்றுப்பெறவில்லை.

இன்று எண்ணிப் பாருங்கள். ஆயிரமாயிரம் பாடல்களைப் புதிதாகப் பாடிய ஆசிரியரின் நூல்களைப் படிப்பவர் மிகச் சிலர். அவரையும் நாம் பெரிதும் அறிவது மாணாக்கர் எழுதிய வரலாற்றால்தான். மாணாக்கர் மீட்ட பழம்பாடல்களோ புதுக்கவிஞர் பலர்க்கு ஊற்றாயின. தமிழர் தம்மைப் பற்றிக் கொண்ட எண்ணமே அவற்றால் மாறியது. அப்பாடல்களில் ஒன்றையும் அவர் இயற்றவில்லை. எனினும் அவர் இன்றேல் அவை நம் கைக்கு வந்திரா.

ஆகவே காப்பதைச் சிறிதென எண்ணற்க. ஆனால் பெட்டியிலிட்டுப் பூட்டுவது காத்தல் அன்று. ஐயரைப்போல் ஐயுற்றும், ஒப்பிட்டும், பிற சமயத்தாரிடமும் பணிந்து கேட்டும் பொருள் காண்பதே காத்தல். நம் பாட்டிமார் நினைவிலுள்ள தாலாட்டும் ஒப்பாரியும் இன்னும் எழுதப்படாமலே இருக்கின்றன. இந்த விடுமுறையில் அவற்றைக் கேட்டு, பிழையற எழுதி, விளங்காத சொற்களுக்குப் பொருள் தேடுவோம். படைப்பு அங்கிருந்தே தொடங்கட்டும்.