இரும்பை நம்பிய ஹென்றி மாட்ஸ்லே
(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன், நாகலூர்)



போன வருடம் நாகலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சின்னதாக ஒரு லேத் செய்து பார்த்தேன். காபித் தோட்டத்தில் விழுந்த சில்வர் ஓக் மரம் சும்மா கிடந்தது. அதையே பெட்டாகப் போட்டேன். கோடையில் நன்றாகத்தான் ஓடியது. மழை பிடித்து மலையில் பனி மூடியதும் மரம் ஊதிப்போச்சு! ஹெட் ஸ்டாக்கும் டெயில் ஸ்டாக்கும் ஒரே கோட்டில் நிற்கவில்லை. பித்தளைக் கம்பியைக் கடைந்தால் ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் வந்தது. மனம் நொந்திருந்த நேரத்தில்தான் மாட்ஸ்லேயின் வாழ்க்கையைப் படித்தேன்.

1771 ஆகஸ்ட் 22-ல் இங்கிலாந்தின் உல்விச்சில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 12 வயதில் படைக்கலச் சாலையில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் வேலை. பிறகு தச்சுப் பட்டறைக்கு அனுப்பினார்கள். பையனுக்கோ மனசெல்லாம் கொல்லுலையில்! 15 வயதில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். 18 வயதில், பூட்டுக்குப் பெயர்போன ஜோசப் பிராமாவிடம் வேலைக்குப் போனார். எட்டு வருடம் உழைத்தும் வாரத்துக்கு 30 ஷில்லிங்தான். பிள்ளைகுட்டிக்காரர், கூட்டித் தரச் சொல்லிக் கேட்டார், கிடைக்கவில்லை. 1797-ல் வெளியேறி லண்டனில் சொந்தப் பட்டறை போட்டார்.

அன்றைய லேத் பெரும்பாலும் மரச் சட்டம். உளியைத் தொழிலாளி கையில் பிடித்துக் கடைய வேண்டும். மரம் வளையும், கை நடுங்கும். ஒரே அளவில் இரண்டு திருகு வராது. பிரான்சில் வோகான்சன் 1751 வாக்கிலேயே இரும்புச் சட்டம் போட்டிருந்தும் அது பட்டறைகளில் பரவவில்லை. மாட்ஸ்லே முக்கோண இரும்புத் தண்டுகளைப் பெட்டாக வைத்து, அதன்மேல் ஸ்லைடு ரெஸ்ட்டை ஓடவிட்டார்; லீடு ஸ்குரூவை இணைத்தார்; பிறகு சேஞ்ச் கியரும் சேர்த்தார். அடுத்து, மார்க் பிரூனலின் வடிவமைப்பில், போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்துக்குக் கப்பி செய்யும் இயந்திரங்களைக் கட்டிக் கொடுத்தார். 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள். விட்வொர்த், நாஸ்மித் எல்லாம் அவர் பட்டறையில் வளர்ந்தவர்களே!

இப்போது என் தவறு புரிந்தது. மரத்தின் விறைப்பு வார்ப்பிரும்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஈரத்தில் அளவும் மாறும். நம் சேர்வராயன் மலையில் பாக்சைட் இருக்கிறதே, அலுமினியம் போடலாமே என்றான் நண்பன். அதன் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு. எம்.எஸ். சேனலை வெல்டிங் செய்யலாம். ஆனால் சூட்டில் இழுத்துக்கொள்ளும், பிறகு பதப்படுத்தி மட்டம் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பிலுள்ள கிராஃபைட் செதில்கள் அதிர்வை விழுங்கிவிடும். அதனால்தான் நம் ஒர்க்‌ஷாப் லேத்தெல்லாம் இன்றும் வார்ப்பிரும்புப் பெட்டில் நிற்கின்றன.

சேலத்துப் பழைய இரும்புக் கடையில், உடைந்த லேத் பெட் துண்டு ஒன்றை எடைக்கு வாங்கினேன். காபி மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து சேர்ந்தது. இந்த மழைக்கு அது அசையவில்லை!

மாட்ஸ்லே 1831 பிப்ரவரி 14-ல் மறைந்தார். உல்விச்சில் அவருடைய சமாதிமேல், அவரே வடிவமைத்த வார்ப்பிரும்பு நினைவுச் சின்னத்தை எழுப்பினார்கள். வாழ்ந்தபோது நம்பிய பொருளைக் கடைசிவரை கைவிடாத மனிதர்! நண்பர்களே, மோட்டார் வாங்கும் முன் பெட்டைத் தேர்ந்தெடுங்கள். அடித்தளம் ஆடினால் எல்லாமே ஆடும்.