பாகவதர் வழக்கு: அப்ரூவர் சொன்னால் மட்டும் போதுமா?

1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படத்தின் நாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதரோ, அவற்றில் இரண்டு தீபாவளிகளை ஜெயிலில் கழித்தார்.

யார் இவர்?

மாயவரத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர். நாடக மேடையில் பாடிப் பேர் வாங்கி, 1934-ல் ‘பவளக்கொடி’ மூலம் சினிமாவுக்கு வந்தார். தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார்.

என்ன நடந்தது?

சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பரபரப்பு கிளப்பியவர், ‘இந்துநேசன்’ பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போனவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பரில் பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் கைதானார்கள்.

கத்தியே எடுக்காதவர் மேல் கொலை வழக்கா?

ஆமாம். கொலை செய்யச் சேர்ந்து திட்டம் போட்டதாக நிரூபணமானால், குத்தியவருக்கான தண்டனை சதி செய்தவருக்கும் உண்டு. ஆனால், ரகசியமாகப் பேசியதை எப்படி நிரூபிப்பது? இங்கேதான் அப்ரூவர் வருகிறார். குற்றத்தில் தனக்கும் பங்கு இருப்பதாக ஒப்புக்கொண்டு, மன்னிப்பு பெற்று அரசுத் தரப்பு சாட்சியாக மாறுபவர் அவர். அவருடைய சாட்சியம் செல்லும். ஆனால், தன் தலை தப்ப அடுத்தவரை மாட்டிவிடவும் வாய்ப்பு இருக்கிறதே! அதனால், முக்கியமான விஷயங்களில் வேறு ஆதாரமும் ஒத்துப்போக வேண்டும் என்று கோர்ட்டுகள் எதிர்பார்க்கும்.

தீர்ப்பு என்ன ஆனது?

நீதிபதி மாக்கெட் முன் நடந்த விசாரணையில் ஜூரிகள் 9 பேர். அவர்களில் 6 பேர் குற்றவாளி என்றார்கள். 3 பேர் ஏற்கவில்லை. 1945 மே மாதம் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. நாயுடு விடுதலையானார்.

உயர் நீதிமன்ற அப்பீலும் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. ஜூரி சொல்லிவிட்டது என்று விட்டுவிடாமல், அப்பீல் கோர்ட்டே சாட்சியங்களை எடைபோட வேண்டும் என்ற நிலை அங்கே எடுக்கப்பட்டது. அப்பீலை மறுபடி விசாரிக்கும்படி வழக்கு உயர் நீதிமன்றத்துக்கே திரும்பியது. இந்த முறை அப்ரூவரின் சாட்சியம் நிற்கவில்லை. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

அதன் பிறகு?

கிருஷ்ணன் மறுபடி படங்களில் பிஸியானார். பாகவதருக்கு அது அமையவில்லை. ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’ என அடுத்தடுத்து வந்த படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. 1959 நவம்பர் 1 அன்று, ஐம்பது வயதை ஒட்டிக் காலமானார்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டம், கூட்டாளியின் சாட்சியம் வேறு ஆதாரத்தால் உறுதியாகியிருக்க வேண்டும் என்பதை வெளிப்படையாகவே சொல்கிறது. கோர்ட் விடுதலை தரலாம். தீர்ப்பு திருந்தும்வரை போன காலத்தைத் தர முடியாது. பாகவதருக்குப் போனது இரண்டு வருஷத்துக்கும் மேல். சாட்சியத்தை முதல் விசாரணையிலேயே சலித்துப் பார்க்க வேண்டியது அதனால்தான்.