சாவைத் தடுத்த டாக்டர்

குழந்தைகளுக்கு நீரிழிவு நோய் வந்தால், டாக்டர்கள் கை விரித்த காலம் ஒன்று உண்டு. பட்டினி போட்டு, சாவைச் சில மாதம் தள்ளிப் போடுவார்கள். அவ்வளவுதான்! அந்த நிலையை மாற்றியவர் பிரெடரிக் பாண்டிங்.

கனடா நாட்டில் 1891-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, விவசாயியின் மகனாகப் பிறந்தார். டாக்டருக்குப் படித்தார். முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராகப் பணி புரிந்து, கையில் காயம் அடைந்தார். ஊர் திரும்பி வைத்தியம் தொடங்கினார். நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருமானம் 4 டாலர்!

தூக்கம் வராத இரவு

1920 அக்டோபர் 31. அதிகாலை 2 மணி. கணையத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்திருந்த பாண்டிங்குக்குத் தூக்கம் வரவில்லை. கணையம், இரைப்பைக்குப் பின்னால் உள்ள உறுப்பு. சர்க்கரையை அடக்கும் மருந்து அதில் இருக்கிறது. அதைப் பிரித்து எடுப்பது எப்படி? ஒரு வழி தோன்றியது. எழுந்து குறித்து வைத்தார்.

1921-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மக்லியாட் இடம் கொடுத்தார். பெஸ்ட் என்ற மாணவர் துணை நின்றார். நீரிழிவு கண்ட நாய்களுக்குக் கணையச் சாற்றை ஊசி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது! காலிப் என்ற நிபுணர் சாற்றைச் சுத்தப்படுத்தினார்.

சிறுவன் பிழைத்தான்

1922 ஜனவரியில், எலும்பும் தோலுமாகக் கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. 12 நாள் கழித்து, சுத்தமான மருந்தைக் கொடுத்தார்கள். சிறுவன் தேறினான். அந்த மருந்துதான் இன்சுலின்.

அதை வைத்துப் பணம் குவிக்கப் பாண்டிங் விரும்பவில்லை. காப்புரிமை, பெயருக்கு 1 டாலர் விலையில் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. 1923-ல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லியாட்டுக்கும் கிடைத்தது. பெஸ்டுக்கு இல்லை. பாண்டிங் தம் பங்கில் பாதியை அவருக்குக் கொடுத்தார்.

1941 பிப்ரவரியில் விமான விபத்தில் பாண்டிங் இறந்தார். வயது 49.

சாவியும் கதவும்

இன்சுலின் எப்படி வேலை செய்கிறது? விடையின் முக்கியமான ஒரு பகுதி 1980-ல் தெரிய வந்தது. தசையிலும் கொழுப்பிலும் உள்ள உயிரணுக்களில் சர்க்கரை நுழையக் கதவுகள் உண்டு. ‘குளுட்-4’ என்ற புரதமே அந்தக் கதவு. அது உள்ளே ஒளிந்து கிடக்கும். இன்சுலின் வந்தால் மேலே வரும். சர்க்கரை உள்ளே போகும்.

இந்தக் கதவைச் செய்யும் குறிப்பு நம் மரபணுவில் உள்ளது. உடல் பருமனிலும், பெரியவர்களுக்கு அதிகம் வரும் நீரிழிவிலும், கொழுப்பு உயிரணுக்களில் அந்த மரபணு மந்தமாகிறது. கதவுகள் குறைகின்றன. உடற்பயிற்சி செய்தால், தசைகளில் கதவுகள் பெருகுகின்றன.

பாண்டிங் கண்டது சாவி. கதவை அவர் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சாவியால் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கானோர். அவர் பிறந்த நவம்பர் 14-ந் தேதிதான் உலக நீரிழிவு தினம்.